வாறன் எண்டு சொன்னவன்

அத்தியாயம் 14: நாற்பது வாயும் ஒரு சொல்லும்

சனிக்கிழமை ஒத்திகையின் நடுவில் ஜெயகௌரி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி ஓடினாள் அல்லவா? ஏன் ஓடினாள், என்ன கண்டு ஓடினாள் என்று கேட்காத ஆள் இல்லை. பொறுங்கள், அதைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

ஒரு சொல்லைக் கேட்டு ஓடினாள். சுவிஸின் பேர்ண் நகரத்துப் பழைய தேவாலயம் ஒன்றில், அவளுடைய புருசன் லீவன் எழுதிய இசையை நாற்பது பேர் நின்று பாடினார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர், ஒரே ஒரு பெண்ணைத் தவிர. அந்த நாற்பது பேரும் அச்சுப் பிசகாத யாழ்ப்பாணத் தமிழில் ‘போறன்’ என்று பாடினார்கள்.

பத்து வருடத்துக்கு முன், 2009 மே பதினாலாம் திகதி, வன்னிக்குள் அகப்பட்டிருந்த அண்ணன் சுபேசன் யாரோ ஒருவருடைய சற்றலைற் போனில் நாற்பது விநாடி கதைத்தான். இங்கே பேர்ணில், அம்மா செல்வராணி ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போயிருந்த நேரம். போனை எடுத்தவள் ஜெயகௌரி, அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. “அம்மா இல்லையோ? சரி. நான் போறன் எண்டு சொல்லு” என்றான் அண்ணன். பிறகு போன் நின்றுவிட்டது.

நம் ஆட்கள் யாராவது விடைபெறும்போது ‘போறன்’ என்பார்களா? பக்கத்துக் கடைக்குப் பாண் வாங்கப் போகிறவன்கூட ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதானே படியிறங்குவான். வாய் தவறி ‘போறன்’ என்று வந்துவிட்டால் திரும்பக் கூப்பிட்டு வைத்துத் திருத்திச் சொல்ல வைப்பார்கள். சுபேசன் கணக்கு வாத்தியார், ஒரு சொல்லைக் கூட்டிக் குறைத்துப் பேசாதவன். ஜெயகௌரிக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. “போட்டு வாறன் எண்டு சொல்லச் சொன்னவன்” என்று மாற்றிச் சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் பத்து வருடமாக இருக்கிறார்கள். ஒருத்தி அம்மா. மற்றவள் வவுனியாவில் இருக்கிற சுதர்சினி, சுபேசனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். அன்றைக்கு அவளுக்கு இருபத்து நாலு, இன்றைக்கு முப்பத்து நாலு.

உண்மையை ஜெயகௌரி சொன்னது லீவனிடம் மட்டும்தான். அந்த மனிதன் அதை எடுத்து நாற்பது வாயில் வைத்துவிட்டான்!

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகன் வீட்டுக் குசினியில் அம்மா காலை ஐந்து மணியிலிருந்தே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மரக்கறி ரோல்ஸ். மே மாதம் முழுக்க அம்மா மச்சம் தொடுவதில்லை, மகன் வந்து சேரவேண்டும் என்ற நேர்த்தி.

“நாப்பது பேருக்கும் ஆளுக்கு ரெண்டு. காணுமோ பிள்ளை?” என்று கேட்டாள்.

“காணும் அம்மா.”

“பாடுற பிள்ளையளுக்குத் தொண்டை காயும். உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்.”

ஜெயகௌரி கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். இரவு முழுக்கக் கண் மூடவில்லை.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். நேற்றே மினுக்கி வைத்த நாவல் நிறச் சேலை கதவில் தொங்கியது. ஊருக்கே சொல்லி முடித்துவிட்டாள்: ‘என்ரை பிள்ளை சொன்ன சொல்லை என்ரை மருமோன் பாட்டாக்கியிருக்கிறார்.’ வருசா வருசம், யுத்தம் முடிந்த மே பதினெட்டில், பேர்ணில் எல்லோரும் கூடி விளக்கேற்றுவார்கள், அம்மா மட்டும் போகமாட்டாள். ‘அது செத்தவைக்கு ஏத்திற விளக்கு. என்ரை பிள்ளை வாறன் எண்டு சொன்னவன்’ என்பாள். நேற்றும் போகவில்லை. பதிலுக்கு வீட்டில் இருந்து மாவைக் குழைத்தாள்.

“உன்னைக் கலியாணம் கட்டேக்கை நான் இந்த மனுசனை எவ்வளவு பேசினனான்?” என்றாள் அம்மா. “வெள்ளைக்காரன், வேலைவெட்டி இல்லாமல் பேப்பரிலை புள்ளி வைக்கிறான் எண்டு. இப்ப பார், ஆரும் செய்யாததை எனக்குச் செய்திருக்கிறார். பின்னேரம் சுதர்சினிக்கும் போன் எடுத்துக் காட்டவேணும். அவளும் பாவம், நெடுகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.”

ஜெயகௌரி கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். இதைத் தடுக்க இன்னும் ஒன்பது மணித்தியாலம்தான் இருந்தது. கச்சேரி பின்னேரம் ஐந்துக்கு.

*

லீவன் படிக்கும் அறையில் தரையில் குந்தியிருந்தான். சுற்றிவர இசைத்தாள்கள். ஆறடி மூன்றங்குல ஆள் இப்படிக் குந்தியிருந்தால் அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவளும் கதவைச் சாத்திவிட்டு எதிரே இருந்தாள். அம்மாவிடம் சொன்ன பொய்யை நேற்று இரவுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். இருவரும் பேசுவது ஜெர்மன். அவனுக்கு அது இரண்டாம் மொழி, அவளுக்கும்தான்.

“நீ எனக்கு ஏன் காட்டவில்லை?” என்றாள்.

“நான் எதைத்தான் முதலில் காட்டியிருக்கிறேன், ஜெயா? முழு ஒத்திகை வரைக்கும் யாருக்கும் காட்டுவதில்லை. உனக்குத் தெரியும்.”

“அது என்னுடைய அண்ணன்.”

“தெரியும். அதனால்தான் எழுதினேன்.” அவன் குரல் தளர்ந்திருந்தது. “உன் அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ‘மாமி, சுபேசன் சொன்னது, பாட்டு’ என்று சொன்னேன். என் தலையைத் தடவி அழுதார். வேறு என்ன நான் விளங்கிக்கொள்வது?”

ஐயோ, அவன்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவனுக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல். அம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மன் ஆஸ்பத்திரி நிலம் துடைக்கப் போதுமான அளவு. அந்த இரண்டுக்கும் இடையில் ‘சுபேசன் சொன்னது’ என்பது ஆளுக்கொரு மாதிரி விளங்கியிருக்கிறது.

“சொல்லை மாற்று” என்றாள் ஜெயகௌரி. “போட்டு வாறன் என்று பாடச் சொல்லு.”

அவன் ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “பார். போ, நீளம். றன், குட்டை. மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம். கடைசி ஒன்பது நிமிசமும் இந்த இரண்டை வைத்துத்தான் கட்டியிருக்கிறேன். நீ சொல்வது நாலு அசை. அதை உள்ளே போட்டால் எல்லாம் பிரிந்து விழும்.”

“விழட்டும்.”

அவன் கண்ணாடியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

லீவன் பெல்ஜியத்தின் பிளெமிஷ்காரன். கென்டிலிருந்து அரை மணி ஓடினால் வருகிற சின்ன நகரம் அவனுடையது. அப்பா அந்த ஊர் மணிக்கூண்டில் நாற்பத்தேழு மணிகளைக் கைமுட்டியால் கட்டைகளைக் குத்தி வாசித்தவர். ஊரில் யாராவது செத்தால் இரண்டே மணிகள்தான் அடிப்பார்: மேலே ஒன்று, கீழே ஒன்று. அதைக் கேட்டு வளர்ந்தவன் இவன். பேர்ணுக்குப் படிப்பிக்க வந்து, பெயர் எடுத்து, பிறகு ஒரு நாள் கை நின்றுபோனது. ஐந்து வருடம் ஒரு வரி எழுதவில்லை. இசை எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். ஒரு பத்திரிகை அவன் முடிந்துவிட்டான் என்றே எழுதியது.

இரண்டு மாரிக்கு முன் இதே தரையில் இப்படியே குந்தியிருந்து, “எனக்குள் ஒன்றும் கேட்கவில்லை, ஜெயா. செத்த வீடு மாதிரி இருக்கிறது” என்று சொன்னான். அவனைத் தேற்ற அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லை. தன் நெஞ்சில் கிடந்ததை எடுத்துச் சொன்னாள், அண்ணன் சொன்ன சொல்லை அவன் சொன்ன மாதிரியே. அம்மாவுக்கு மாற்றிச் சொன்னதை மட்டும் வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். அடுத்த நாள் காலையில் லீவன் மேசையில் இருந்தான்.

“அந்தச் சொல்லால்தான் எனக்குத் திரும்பக் கேட்டது” என்றான் இப்போது. “அதை எடுத்தால் என்னிடம் ஒன்றும் இல்லை. இது நான் எழுதிய எல்லாவற்றிலும் நல்லது. இனி இப்படி ஒன்று எழுதவும் மாட்டேன்.”

“எனக்கு அம்மா வேணும், லீவன்.”

அதைத் தமிழில் சொல்லிவிட்டாள், தன்னை அறியாமல். அவனுக்கு ‘அம்மா’, ‘வேணும்’ இரண்டு சொல்லும் தெரியும். பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாளாகச் சொல்லை வெட்டத் தொடங்கினான்.

“சுரம் இருக்கட்டும். சொல் வேண்டாம்” என்றான். “ஓ, அ. வெறும் உயிரெழுத்து. மத்தியானம் போய் அவர்களுக்குச் சொல்கிறேன்.”

வெட்டும்போது அவன் அழுதான். அவள் கிட்டப் போகவில்லை. தான் கேட்டதைத்தான் அவன் செய்கிறான் என்று தெரிந்தும் அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

*

நாலு மணிக்குப் பத்தாம் நம்பர் பஸ்ஸில் அம்மாவும் மகளும் இறங்கினார்கள். அம்மாவின் இரண்டு கையிலும் ரோல்ஸ் பெட்டி. லீவன் வாசலில் நின்று பெட்டிகளை வாங்கிக்கொண்டு ஜெயகௌரியைப் பார்த்துத் தலையாட்டினான். சொல்லிவிட்டான், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முன்வரிசையில் இரண்டாவது, மூன்றாவது கதிரை. ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து அம்மாவின் சேலையில் கிடந்தது. கையில் தந்த தாளில் ‘சுபேசனுக்கு’ என்று ஜெர்மனில் அச்சடித்திருந்தது. அம்மா விரலை வைத்து அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

முதல் இருபது நிமிசம் வயலின்களும் குழல்களும். அம்மா பொறுமையாக இருந்தாள். பிறகு வாத்தியங்கள் நின்றன. பாடகர்கள் எழுந்தார்கள்.

“இனித்தான்” என்று அம்மா மகளின் கையைப் பிடித்தாள்.

ஓ... அ... என்று எழுந்தது குரல். நாற்பது பேர். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. சொல் இல்லாமலும் அது நெஞ்சைப் பிசைந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அம்மா மட்டும் முன்னால் குனிந்து, காதைக் கொடுத்து, வராத ஒரு சொல்லுக்குக் காத்திருந்தாள். ‘எங்கை வாறன்? எப்ப வரும்?’ என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. ஜெயகௌரி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

கடைசிப் பகுதியில் பாடகர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வருவார்கள். முப்பது, இருபது, பத்து. கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள். அந்த ஒருத்தி அக்‌ஷயா, குழுவில் இருந்த ஒரே தமிழ்ப் பெண். தூன் நகரத்தில் பிறந்தவள், இருபத்து நாலு வயது. மற்றவர்களுக்குத் தமிழ் உச்சரிப்புப் பழக்கியவளும் அவள்தான். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அது வெறும் ஓசை, ஓ என்றாலும் பாடுவார்கள், போ என்றாலும் பாடுவார்கள். அவளுக்கு அது வாயில் ஏறிய சொல்.

அவ்வளவு பெரிய தேவாலயத்தில் வேறொரு சத்தமும் இல்லை. அக்‌ஷயா கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாக, மெதுவாகப் பாடினாள்.

“போறன்.”

அம்மாவின் கை ஜெயகௌரியின் கைக்குள் விறைத்தது.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. ஐந்து நிமிசம் ஓயவில்லை. லீவனை மேடைக்கு இழுத்தார்கள். இத்தனை வருடம் அவன் கனவு கண்ட கைதட்டல் அது, அவனோ குனிந்து வணக்கம் சொல்லக்கூட மறந்து, வெளிறிப்போய் முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அந்தப் பிள்ளை ஏன் அப்பிடிப் பாடினது?” என்று அம்மா கேட்டாள்.

“பிழையாப் பாடிட்டாள் அம்மா” என்றாள் ஜெயகௌரி. பத்து வருடத்துப் பழக்கம், பொய் தானாகவே வந்தது. “இஞ்சை பிறந்த பிள்ளையள் தானே. அதுகளுக்குப் போறன் எண்டாலும் ஒண்டு, வாறன் எண்டாலும் ஒண்டு.”

“ஓமோம், அதுகளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது” என்றாள் அம்மா. நம்பத்தான் பார்த்தாள், பாவம்.

*

வெளியே முற்றத்தில் வெயில் இன்னும் இருந்தது. ஜெயகௌரி அம்மாவை அவசரமாகப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாதி வழியில் பின்னால் ஓடிவரும் சத்தம். அக்‌ஷயா. கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

“அன்ரி, தாங்ஸ் அன்ரி, சரியான ருசி! ஜெயாக்கா, சொறி, சொறி! லீவன் என்னோடை கோவமோ? பத்துக் கிழமை போறன், போறன் எண்டு பாடிப்போட்டு, மத்தியானம் வந்து திடீரெண்டு சொல்லை எடுங்கோ எண்டால் என்ரை வாய் கேக்குதில்லை. நான் கண்ணை மூடினன், அது தானா வந்திட்டுது.”

“அக்‌ஷயா, நாங்கள் பிறகு கதைப்பம்” என்றாள் ஜெயகௌரி.

“நில் பிள்ளை” என்றாள் அம்மா அந்தப் பெண்ணிடம். “அந்தச் சொல்லு ஆர் தந்தது?”

“லீவன் தான் அன்ரி. ஒருத்தர் கடைசியாச் சொன்ன சொல்லாம், ஒரு எழுத்தும் மாறக்கூடாது எண்டு சொல்லித் தந்தவர். அவருக்கு ஜெயாக்கா சொன்னதாம்.”

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிப் போனது. பிறகு வருகிறேன் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அம்மா தரிப்பிடத்து வாங்கில் இருந்தாள். ஒரு பஸ் வந்து, கதவு திறந்து, மூடி, போனது.

“என்னைப் பார்” என்றாள்.

ஜெயகௌரி பார்த்தாள்.

“அவன் என்ன சொன்னவன்?”

இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“போறன் எண்டு சொல்லச் சொன்னவன், அம்மா.”

“வேறை?”

“வேறை ஒண்டும் இல்லை. நீங்கள் இல்லையோ எண்டு கேட்டவன்.”

அம்மா தலையிலடித்து அழுவாள் என்று பயந்தாள். பத்து வருடமாக அந்த அழுகைக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

“நான் தாங்கமாட்டன் எண்டு நினைச்சனீயோ?”

“ஓம் அம்மா.”

“நான் தாங்கியிருப்பன்.” குரல் திடீரென்று உயர்ந்தது. “நான் ரெண்டு பிள்ளை பெத்தவளடி, எனக்கென்ன! அவள்? அந்தப் பெட்டை? வவுனியாவிலை ரெண்டு இடம் பேசி வந்தது. ஒண்டு கொம்பனி வேலை, ஒண்டு வாத்தியார். தாய் தேப்பன் ஓமெண்டு நிக்க, நானெல்லோ இஞ்சையிருந்து போன் எடுத்துக் குழப்பினனான்! ‘என்ரை பிள்ளை வாறன் எண்டு சொன்னவன், நீ இருந்துபார் பிள்ளை’ எண்டு. என்ரை வாயாலை சொன்னன், ஜெயா. ரெண்டு தரம்! அவளும் இருந்தாளே!”

ஜெயகௌரிக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தன் பொய் அம்மாவோடு நின்றுவிட்டது, சுதர்சினி தன்பாட்டில்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இனி யாருடைய காலில் விழுந்தாலும் அந்தப் பத்து வருடத்தை எடுத்துக் கொடுக்க முடியாது.

அம்மா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

“அம்மா, இண்டைக்கு வேண்டாம். அங்கை பத்து மணியாகப் போகுது.”

“அவள் படுத்திருக்கமாட்டாள். பாட்டுக் கேக்கவெண்டு பாத்துக்கொண்டிருப்பாள்.” விரல் பெயரைத் தேடி அழுத்தியது. “நான் சொன்ன பொய் இல்லை இது. நீ சொன்னது. நீயே கதை.”

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் சுதர்சினி. போன் திரையில் மெலிந்த முகம். தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து, நல்ல சட்டையும் போட்டிருந்தாள். கச்சேரிக்கு வெளிக்கிட்டு இருந்திருக்கிறாள், ஐயாயிரம் மைலுக்கு அப்பால்.

“ஆ, மச்சாளோ! முடிஞ்சுதே? மாமி எங்கை? எப்பிடிப் பாடினவை? அவற்றை சொல்லை எப்பிடிப் பாடினவை எண்டு ஒருக்காப் பாடிக் காட்டுங்கோவன் மச்சாள், எனக்குக் கேக்க வேணும்!”

அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சுதா” என்றாள் ஜெயகௌரி. “பக்கத்திலை ஆராவது இருக்கினமோ? உன்ரை அம்மாவை ஒருக்காக் கூப்பிட்டுப் பக்கத்திலை இருத்து.”

“ஏன் மச்சாள்?” என்றாள் சுதர்சினி. பிறகு, முகமெல்லாம் விரிந்து, “அவர் வந்திட்டாரோ?” என்று கேட்டாள்.